பெத்தவங்க யாருன்னு ஐயர் கேட்டப்போ

கண்ணு,

தூங்கினேன்டா. அதான் முதல் சேதி. நீயும் இசக்கியும் தனிக்குடித்தனத்துக்குப் படப்பைக்குச் சாமான் ஏத்திக்கினு போன அன்னிக்கு மத்தியானம் தலையைச் சாய்ச்சவ, பால்காரர் வந்து கதவை இடிச்சப்புறம்தான் எழுந்தேன். "இன்னாக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு அவர் பயந்துட்டாரு. "ஒண்ணுமில்லப்பா, புள்ளைக்குக் கல்யாணம் முடிச்சேன், ஒருத்தர்கிட்டயும் கை நீட்டல, அதான் தூக்கம் வந்துடுச்சு"ன்னேன். அவர் பால் ஊத்தறதை நிறுத்திட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. கல்யாணம் முடிச்ச வூட்டுல யாரும் அவர்கிட்ட அப்படிச் சொன்னதில்ல போல.

இதையெல்லாம் போன்ல சொல்லலாம்னா, "கம்பெனி லைன்ல கீறேம்மா, அப்பால பேசறேன்"னு வெச்சிடுவ. நேர்ல சொன்னா எனக்கு அழுகை வரும், அதைப் பார்த்து நீ சிரிப்ப, நான் உன்னைத் திட்டுவேன், சொல்ல வந்தது அப்படியே போயிடும். அதனாலதான் எழுதறேன். எட்டாவதோட நின்னவ எழுத்து, கோணல் மாணலாத்தான் இருக்கும். உனக்குப் புரியலன்னா இசக்கிகிட்ட குடு, அவ படிச்சுச் சொல்லுவா. அவ பேசற தமிழ் எனக்குப் பாதிதான் புரியுது, நான் எழுதற தமிழாவது அவளுக்கு முழுசாப் புரியட்டும்.

நீ அவளை முதல் தடவை நம்ம வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்த நாள் ஞாபகம் இருக்குதா? செல்போன் மாட்டற கம்பெனியில வேலை, ஆஸ்டல்ல தங்கிக்கீறா, தென்காசிப் பக்கம் ஊருன்னு மட்டும் சொல்லி வெச்சிருந்த. நான் ஏதோ வாயாடிப் பொண்ணு வரும்னு பார்த்தா, வந்த உடனே குடத்தைத் தூக்கிக்கினு, "அத்தே, நான் தண்ணி கோரியாரட்டா?"ன்னு கேட்டா. கோரிக்கினு வர்றதா, இன்னாத்தைன்னு நான் முழிச்சேன். அவ போயி குழாயடியில நின்னு புடிச்சிக்கினு வந்தா. போகும்போது, "பையன் சாப்பாட்டுல உப்பு கொறைச்சுத்தான் போடுவீகளோ?"ன்னு சிரிச்சுக்கிட்டே குத்திட்டுப் போனா. அன்னிக்கே எனக்குப் புடிச்சுப் போச்சு. உங்கிட்ட மட்டும் ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னேன், ரொம்ப ஜல்தியாச் சொன்னா உனக்குத் தலைக்கனம் ஏறிடும்னு.

அவங்க அம்மா அப்பா பஸ் புடிச்சு வந்து நம்ம வூட்டுல பாய்ல குந்திக்கினு, "எங்களால இம்புட்டுத்தான் முடியும்மா"ன்னு ஒளிக்காமச் சொன்னாங்க. பீடி சுத்தற அம்மா, மூட்டை தூக்கற அப்பா. எனக்கு அவங்க மேல மரியாதை வந்ததே அந்தப் பேச்சுலதான். இருக்கறதை வெச்சு ரெண்டு வூடும் சேர்ந்து பண்ணிக்கலாம்னு நீ சொன்ன. சரின்னு நானும் தலையாட்டினேன். உன் கையில இருந்தது, நான் வேலை செய்யற கம்பெனி கேன்டீன் பி.எஃப். காசு, அவ்வளவுதான் நம்ம கல்யாணம். தலையை ஆட்டினேனே தவிர, மனசு மட்டும் மண்டபம் மண்டபம்னு அடிச்சுக்குது. நம்ம ஊர்ல ரோட்டோரம் புள்ளைங்க போட்டோ எல்லாம் வரிசையாப் போட்டு பேனர் கட்டாத கல்யாணம் எது? நிலம் வித்தவனும் கட்டறான், நிலமே இல்லாதவனும் கட்டறான்.

அப்பதான் உங்க பெரியப்பா வந்தாரு. அவரைப் பத்தி உனக்குச் சொல்லத் தேவையில்ல, இசக்கிக்காகச் சொல்றேன். உங்கப்பாவுக்கு அண்ணன். கம்பெனிங்க வந்தப்போ நிலத்தைக் குடுத்துட்டு வேன் வாங்கி வுட்டாரு, இன்னிக்கு ஷிப்டுக்கு ஆள் ஏத்தற வேன் அவருக்கு வரிசையா நிக்குது. உங்கப்பா பங்கு அவர் வைத்தியத்துக்கே போச்சு. உங்கப்பா போனப்போ, நீ பத்தாவது படிச்சிக்கினு இருந்த, வாசல்ல வந்து நின்னு, "நான் கீறேம்மா"ன்னு சொன்னவரு அவரு ஒருத்தர்தான். உன் ஐ.டி.ஐ. ஃபீசை அவர்தான் கட்டினாரு. அதனால அவரைக் கெட்டவரா எழுதவே மாட்டேன். அவர் வந்து, "ஏம்மா, தம்பி புள்ள கல்யாணம், மண்டபம் நான் பார்த்துக்கறேன். ஊர்ல நாம தலை நிமிந்து நடக்க வாணாமா?"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. கண்ணு கலங்கினவ வாயை மூடிக்கினு இருக்கணும்டா. நான் இருக்கல. "பாத பூஜைக்கு நீங்களும் அக்காவுமே நின்னுடுங்க மாமா"ன்னு சொல்லிட்டேன்.

நல்லாக் கேளு, அவர் கேக்கவே இல்ல. தாலி கட்டறதுக்கு முன்னாடி பெத்தவங்க காலைக் கழுவிப் பொட்டு வெச்சு விழுந்து கும்பிடுவாங்களே, அந்த இடத்தை அவர் வாய் திறந்து கேக்கவே இல்ல. நானே எடுத்து நீட்டினேன். சும்மா ஒண்ணு வாங்கறோமேன்னு கூச்சம். பதிலுக்குக் குடுக்க வூட்டுல இன்னா கீதுன்னு தேடினேன் போல, கையில அம்மாங்கற இடம்தான் அகப்பட்டுது. அதைத் தூக்கிக் குடுத்துட்டேன். புருஷன் இல்லாதவ மேடையில நிக்கமாட்டா, எப்படியும் அவங்கதானே நிக்கப் போறாங்க, நாமளே மரியாதையாச் சொல்லிடுவோம்னு ஒரு சமாதானம் வேற. அவரும், "சரிம்மா, முறைப்படி அதானே"ன்னு எழுந்து போயிட்டாரு.

பெரியப்பா அடிக்கக் குடுத்த பத்திரிகையோட மாதிரி உன் போனுக்கு வந்த சாயங்காலத்தை நான் மறக்கமாட்டேன். ஏ ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, ஷூவைக் கூட கழட்டாம வாசப்படியிலயே நின்னு படிச்ச. மேலே பெரியப்பா பெரியம்மா பேரு பெருசா, கீழே உங்கப்பா பேரு, தெய்வத்திருன்னு போட்டு. "இதுல நீ எங்கம்மா கீற?"ன்னு கேட்ட. நான் தேடிப் புடிச்சுக் காட்டினேன், கடைசியில, பொடி எழுத்துல. "அவ்ளோதானே"ன்னு கேட்டு நீ சிரிச்ச. அப்புறம் பாத பூஜை விஷயத்தையும் சொன்னேன். நீ கத்துவன்னு நினைச்சேன். நீ மெதுவா, "மண்டபம் வாணாம்மா"ன்னு மட்டும் சொன்ன.

நான்தான் கத்தினேன். "உனக்கு இன்னாடா தெரியும்? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ லைன்ல நிப்ப, பொணத்தை யாரு தூக்குவான்? பங்காளியைப் பகைச்சுக்கினு இந்த ஊர்ல குப்பை கொட்ட முடியுமா?"ன்னு தெரு பூரா கேக்கற மாதிரி கத்தினேன். அதுக்குத்தான் நீ அந்தக் கதையை எடுத்த. பெரியப்பா பொண்ணு கல்யாணத்துல, மேடையில குடும்பத்தோட போட்டோ எடுக்க நிக்கறோம், நான் பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கறேன், யாரோ ஒரு அம்மா வந்து, "பக்கத்துல சுமங்கலிங்க நிக்கட்டும், நீ கீழே போயி பந்தியைப் பாரும்மா"ன்னு சொன்னாங்களே, அது. நானும் சிரிச்சுக்கினே இறங்கி வந்துட்டேன். அதை நான் மறந்தே போயிட்டேன்னு நினைச்சிருந்தேன். நீ அன்னிக்குக் கீழே நாற்காலியில குந்திக்கினு பார்த்திருக்க. "நீ சிரிச்சதுதாம்மா எனக்குத் தாங்கல. அன்னிக்கே நினைச்சேன், என் கல்யாணத்துல எங்கம்மா எறங்கக் கூடாதுன்னு"ன்னு சொல்லிட்டு, சாப்பிடாமப் படுத்துட்ட. நான் ஆக்கி வெச்ச கருவாட்டுக் கொழம்பு அப்படியே கிடந்துச்சு.

மூணு நாலு நாள் நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. கேன்டீன்ல வெங்காயம் அரிஞ்சிக்கினே யோசிச்சேன். எனக்கு உன் மேல கோவமே இல்ல, பயம். வாங்கின உதவியைத் திருப்பிக் குடுத்தா அது அவமானம்னு அவர் நினைப்பாரே, அவர் வரலன்னா பங்காளிங்க ஒருத்தரும் வரமாட்டாங்களே, சொந்தமே இல்லாத வூடுன்னு சம்பந்தி வூட்டுல நினைப்பாங்களேன்னு பயம். ஆனா எங்கம்மா எறங்கக் கூடாதுன்னு நீ சொன்ன அந்த வார்த்தை முள்ளு மாதிரி குத்திக்கினே இருந்துச்சு. கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் தட்டுல எடுத்துக்கினு பெரியப்பா வூட்டுக்குப் போனேன். போற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணேன். உள்ள போனதும் எல்லாம் மறந்துடுச்சு.

"மாமா, மண்டபம் வாணாம். குன்றத்தூர் மலைக் கோயில்ல தாலி கட்டிட்டு, நம்ம தெருவுலயே பந்தல் போட்டுச் சாப்பாடு போட்டுக்கறோம். நீங்களும் அக்காவும் முன்னாடி நின்னு நடத்திக் குடுக்கணும்"னேன். அவர் தட்டை வாங்கவே இல்ல. "யாரு சொன்னது, உன் புள்ளையா?"ன்னாரு. "நான்தான் சொல்றேன்"னேன். பொய்தான், ஆனா சொல்லும்போதே பாதி நிஜமாயிடுச்சு. "மண்டபம் பேசி முடிச்சப்புறம் வந்து வாணாம்ன்றியே, என்னை இன்னான்னு நினைச்சிக்கினு கீறீங்க? தெருவுல கல்யாணம் பண்ற வூட்டுக்கு நான் எப்படிம்மா வருவேன்? வரமாட்டேன் போ"ன்னு உள்ள போயிட்டாரு. உங்க பெரியம்மாதான் வந்து தட்டை வாங்கிக்கினாங்க. காபி குடுத்தாங்க. பாத பூஜையைப் பத்தி நான் வாயே திறக்கல. தைரியம் அவ்வளவுதான் இருந்துச்சு, மண்டபத்தோட தீர்ந்துடுச்சு.

வூட்டுக்கு வந்து உங்கிட்ட சொன்னப்போ நீ என்னைத் தூக்கிச் சுத்தின பாரு, நான் விழுந்து தொலைஞ்சிருப்பேன். அன்னியிலிருந்து எனக்கு வேலை செய்யவே தனிச் சந்தோஷம். ஜோசியர் விடியக்காலை நாலரை முகூர்த்தம் குறிச்சுக் குடுத்தாரு. நீ போயி, "சாமி, ராத்திரி சி ஷிப்ட் வுடறது ஆறு மணி, ஏ ஷிப்ட் ஏர்றதும் ஆறு மணி. நாலரைக்குத் தாலி கட்டினா பாதிப் பேரு மெஷின்கிட்ட நிப்பான், மீதிப் பேரு பஸ் ஸ்டாப்புல நிப்பான், எனக்குப் பொன்னாடை போத்தறதுக்குக் கூட ஆள் இருக்கமாட்டான்"னு சொன்ன. அவர் தலையில கை வெச்சுக்கினு, "நான் நட்சத்திரம் பார்ப்பேனா, கம்பெனி பஸ் டைம் பார்ப்பேனா?"ன்னு கத்தினாரு. அப்புறம் அவரே பஞ்சாங்கத்தைப் புரட்டி ஏழரை மணி முகூர்த்தம் ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு. ராத்திரி வேலை முடிச்சவன் நேரா மலைக்கு வரலாம், காலையில வேலைக்குப் போறவன் சாயங்காலம் சாப்பாட்டுக்கு வரலாம். ஷிப்ட் பார்த்து முகூர்த்தம் வெச்ச முதல் வூடு நம்ம ஊர்ல நம்மதா இருக்கும்.

சாப்பாடும் அதே கணக்குத்தான். எங்க கேன்டீன் மாஸ்டரும் பொம்பளைங்களும் வந்து நீளமாப் பள்ளம் தோண்டிக் கோட்டை அடுப்பு வெட்டிக்கினாங்க. ஊர்க் கல்யாணம் மாதிரி காலையிலயே மொத்தத்தையும் வடிச்சுக் கொட்டல. ஷிப்டுக்கு ஆக்கற மாதிரி, ஒரு கூட்டம் எழுந்துக்கும்போது அடுத்த உலை கொதிக்கும். கடைசிப் பந்திக்கு வந்தவனுக்கும் சூடாத்தான் விழுந்துச்சு. பேனர் இல்ல. தாம்பூலப் பையில தேங்காய் இல்ல, வெத்தலை பாக்கும் ஒரு சாத்துக்குடியும்தான். கூரைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனப்போ, கடைக்காரர் விலை கூடினதா எடுத்துப் போட்டுக்கினே இருந்தாரு. இசக்கி, "அண்ணாச்சி, ஒருநா கட்டிட்டுப் பொட்டிக்குள்ள பூட்டி வைக்கதுக்கா? அந்தா கீழ கெடக்குதே, அதை எடுங்க, நாலு விசேசத்துக்கு உடுத்துவேன்"னு சொல்லிட்டா. அந்தப் புடவையிலதான் அவ லட்சணமா இருந்தா. கல்யாணத்துல காசு எதுக்குச் செலவு பண்ணணும்னு யாராவது உன்னைக் கேட்டா, சோத்துக்குன்னு சொல்லு. வயிறு நிறைஞ்சவன் எங்கயும் போயி குறை சொல்லமாட்டான். மத்ததெல்லாம் பார்த்த உடனே மறந்துடுவான்.

கல்யாணத்தன்னிக்குக் காலையில உனக்கு நான் ஒண்ணு சொன்னேன். "ஒருவேளை பெரியப்பா வந்துட்டா, பாத பூஜைக்கு அவரே நிக்கட்டும்டா. சாமி சன்னதியில சண்டை வாணாம்." நீ வேட்டியை இழுத்துக் கட்டிக்கினே இருந்த. நீ சரின்னுட்டன்னு நான் நினைச்சேன். மலை மேல போனா, அன்னிக்கு முகூர்த்த நாளாச்சே, ஜோடி ஜோடியா நிக்குது. ஒரு பக்கம் தாலி கட்டறாங்க, ஒரு பக்கம் மாலை மாத்தறாங்க, எந்த மேளம் யாருக்கு அடிக்குதுன்னே தெரியல. அந்தக் கூட்டத்துல நான் எட்டிப் பார்த்துக்கினே நிக்கறேன், நம்ம பக்கத்துல ஆளே இல்ல. சம்பந்தி வூட்டுக்காரங்க ஒரு பஸ் ஜனம், நம்ம பக்கம் நானும், உன் கூட்டாளிங்க ரெண்டு பேரும், எதிர்வூட்டு சாந்தியும்தான்.

அப்பதான் படிக்கட்டுல ஒரே சத்தம். கம்பெனி யூனிஃபார்ம் போட்டுக்கினு, கழுத்துல அட்டையைத் தொங்கவுட்டுக்கினு, தூக்கக் கலக்கத்தோட ஒரு படையே மேலே ஏறி வருது. உன் சி ஷிப்ட் பசங்க. அவங்களுக்கு முன்னாடி பட்டு வேட்டியில உங்க பெரியப்பா, முட்டியைப் புடிச்சுக்கினு பெரியம்மா. கம்பெனி பஸ் குன்றத்தூருக்கு வராதே, இதுங்க எப்படி வரும்னு நான் ராவெல்லாம் யோசிச்சேன், அவர் யோசிச்சு கம்பெனி கேட்டுலயே ரெண்டு வேனை நிறுத்தி ஏத்திக்கினு வந்துட்டாரு. அவர் பின்னாடியே பங்காளிங்களும் வந்தாங்க. எங்கிட்ட வந்து, "இன்னாம்மா, பசங்க எப்படி வருவாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா?"ன்னு அதட்டினாரு. எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருந்துச்சு. சரி, இவரே நிக்கட்டும், அவருக்கு அந்த உரிமை கீதுன்னு முடிவு பண்ணிட்டு, நான் தூணுக்குப் பின்னாடி சம்பந்தியம்மாவோட போயி நின்னுக்கினேன்.

ஐயர் தாம்பாளத்தையும் செம்பையும் வெச்சுட்டு, "பெத்தவங்க யாரு? ஜல்தி வாங்க, அடுத்த ஜோடி காத்துக்கினு இருக்குது"ன்னாரு. முன்னாடி நின்னவரு பெரியப்பாதான். "நீங்களா? வாங்க வாங்க"ன்னாரு ஐயர். பெரியப்பா ஒரு அடி எடுத்து வெச்சாரு. தப்புன்னு சொல்லமாட்டேன், கூப்பிட்டா யாரும் அடி எடுத்துத்தான் வெப்பாங்க. நீ ஐயரையும் பார்க்கல, பெரியப்பாவையும் பார்க்கல. மாலையோட கழுத்தைத் திருப்பி, கூட்டத்துல என்னைத் தேடின. கண்டும் புடிச்ச. ஆனா கூப்பிடல. நீ கூப்பிட்டிருந்தா நான் வாணாம்னு கையை ஆட்டியிருப்பேன், உனக்கு அது தெரியும். சும்மா பார்த்துக்கினே நின்ன. அந்தப் போட்டோ மேடையிலிருந்து சிரிச்சுக்கினே இறங்கி வந்தேனே, அந்தச் சிரிப்பு என் மூஞ்சியில மறுபடியும் வந்து குந்திக்கிச்சு. எனக்கே அது தெரிஞ்சுது. சீன்னு ஆயிடுச்சு.

"நான்தான்!"ன்னேன். கேன்டீன்ல கொதிக்கிற சாம்பாரைத் தூக்கிக்கினு வரும்போது, "வழி, வழி"ன்னு கத்துவோம் பாரு, அந்தக் குரல்ல வந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து மேளக்காரன் வேற நிறுத்திட்டான். மலையில இருந்த எல்லா ஜோடியும் திரும்பிப் பார்த்துச்சு. "நான்தான் சாமி அம்மா. அவரு இல்ல, நான் மட்டும்தான்"னு சொல்லிக்கினே முன்னாடி வந்தேன். வானம் இடிஞ்சு விழும், ஐயர் தட்டைத் தூக்கிக்கினு போயிடுவாரு, ஊரு காறித் துப்பும்னு எத்தனை வருஷமா பயந்துக்கினு இருந்தேன்? ஐயர் என்னை நிமிந்து பார்த்து, "சரிம்மா, ஜல்தி வந்து நில்லுங்க"ன்னாரு. அவ்ளோதான்டா! அதுக்குத்தானா இத்தனை பயம்! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பெரியப்பா எடுத்து வெச்ச அடியைப் பின்னால வெச்சாரு. என் தோள்ல மாட்டியிருந்த பையைப் பார்த்து, "அதைக் குடும்மா, பையோட எப்படி நிப்ப"ன்னு வாங்கிக் கையில வெச்சுக்கினாரு. பெரிய மனுஷன்டா அவரு.

தாம்பாளத்துல கால் வைக்கும்போதுதான் என் காலையே நான் பார்த்தேன். கேன்டீன் ஈரத்துல நின்னு நின்னு விரலிடுக்கெல்லாம் சேத்துப்புண்ணு, வெடிப்பு. இத்தனை பேரு முன்னாடி இதையா காட்டறதுன்னு காலை உள்ள இழுத்தேன். இசக்கி குனிஞ்சு கணுக்காலை அமுக்கிப் புடிச்சுக்கினு, "அத்தே, இழுக்காதீக, அவுக கழுவட்டும்"னா. நீ ஒவ்வொரு விரலிடுக்கா தண்ணி ஊத்திக் கழுவி, புதுத் துண்டால ஒத்தி ஒத்தித் துடைச்ச. ஐயர் ஜல்தி ஜல்தின்றாரு, நீ காதுலயே வாங்கல. எரிஞ்சுதுடா, தண்ணி பட்டு நல்லா எரிஞ்சுது. எரியட்டும்னு நின்னேன். உன்னைப் பெத்து, தூக்கி, வளர்த்து ஆளாக்கினதுல எனக்குக் கூலி ஒண்ணும் பாக்கியில்ல. அங்கயே முடிஞ்சுது.

மலையிலிருந்து இறங்கும்போது பெரியம்மா என் தோளைப் புடிச்சுக்கினு வந்தாங்க. ஏதாவது குத்திப் பேசுவாங்கன்னு காத்துக்கினு வந்தேன். "நல்ல வேளைடி நீயே போன. இந்த முட்டியை வெச்சிக்கினு அத்தனை நேரம் நான் எங்க நிக்கறது?"ன்னாங்க. நிஜமாச் சொன்னாங்களா, எனக்காகச் சொன்னாங்களான்னு தெரியாது, நான் கேக்கவும் இல்ல. வூட்டுக்கு வந்தா உன் சி ஷிப்ட் பசங்க முதல் பந்தியில சாப்பிட்டுட்டு, கூடம் பூரா உருண்டு படுத்துத் தூங்குதுங்க. வாசல்ல ஒரே சேஃப்டி ஷூ. சம்பந்தியம்மா ஒவ்வொரு தலையாத் தாண்டித் தாண்டி வந்து, "ஏ ஆத்தா, இதென்ன மாப்ள வீடா, ரயில்வே டேசனா?"ன்னாங்க பாரு, நான் சிரிச்ச சிரிப்புல தாலிக்கயிறோட குந்தியிருந்த இசக்கியே எழுந்து வந்து பார்த்தா. சாயங்காலம் ஏ ஷிப்ட் பசங்க வந்தப்போ பந்தியில மோர் ஊத்தினது யாருன்னு நினைக்கற? உங்க பெரியப்பாதான். தெருக் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னவரு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு, "இன்னொரு கை வாங்கிக்கப்பா"ன்னு ஒவ்வொரு இலையா உபசாரம் பண்ணாரு.

உங்க ரெண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒருத்தர் உதவி பண்ண வந்தா வாங்கிக்கோங்க, வாணாம்னா முதல்லயே சொல்லிடுங்க, ஆனா கூச்சத்துல உங்க இடத்தைத் தூக்கிக் குடுத்துடாதீங்க. நாம குடுத்துட்டு அப்பால அவங்க புடுங்கிக்கினாங்கன்னு பேசறது பாவம். நீ பி ஷிப்ட், அவ ஏ ஷிப்டுன்னா ஒரு வூட்டுல இருந்துக்கினே ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம வாரம் போயிடும். எப்படியாவது ஷிப்ட் மாத்திக் கேளுங்க. மாத்தற வரைக்கும் வேலைக்குப் போறவங்க வர்றவங்களுக்கு ஆக்கி வெச்சுட்டுப் போங்க. ஆக்கறது அவ வேலைன்னு நீ குந்திக்கினு இருந்தன்னு தெரிஞ்சுது, படப்பைக்கு வந்து தோலை உரிச்சிடுவேன். அவ உப்பு கூடப் போட்டாலும் சாப்பிடு. அவங்க அம்மாவை மாசம் ஒரு தடவை நீயே போன் பண்ணி விசாரி, அவ பண்றாளேன்னு வுட்டுடாத.

இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்கு ஒரு காரணம் கீது. காலையில எதிர்வூட்டு சாந்தி வந்திருந்தா. அவ பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். வெத்தலை பாக்கு வெச்சா. இந்தத் தெருவுல எனக்குப் பத்திரிகை வைக்கறவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்லுவாங்க, "மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுக்கா"ன்னு. நானும் முகூர்த்தமெல்லாம் முடிஞ்சிருக்கும்னு பார்த்து, மெதுவாப் போயி, ஓரமா சாப்பிட்டுட்டு, மொய் எழுதிட்டு வந்துடுவேன். சாந்தி, "முதல் நாளே வந்துடுக்கா, பொண்ணுக்கு நலங்கு வைக்கணும்"னா. நான், "யாரை அனுப்பட்டும்?"னு கேட்டேன். எனக்கு நிஜமாவே புரியல. அவ, "யாரை அனுப்புவ? நீ வா. நீதான் வைக்கணும்"னா. "நானாடி?"ன்னேன். "மலையில அம்மாடியோ அந்தக் கத்து கத்தின, இங்க வந்து வாயடைச்சு நிக்கறியே"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டா.

அவ போனதுக்கப்புறம் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கினு அழுதேன். துக்கமில்ல, பயப்படாத. அப்புறம் எழுந்து மூஞ்சி கழுவிட்டு, கேன்டீன்ல அந்த ரெண்டு நாளும் லீவு கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். காரணம்னு போட்டிருந்த இடத்துல, "நலங்கு வைக்கப் போறேன்"னு எழுதினேன். முதல் ஆளாப் போயி நிக்கப் போறேன்டா.

அம்மா